பதினாறு எம்.எம். சுருளில் ஐந்து பெண்கள்

எங்கள் கடைக்குப் பழைய படச்சுருள் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் வீட்டில் ஒரு சாவு விழுந்த பிறகுதான் வருகிறார்கள். பரணைக் காலி செய்யும்போதோ வீட்டைப் பாகம் பிரிக்கும்போதோ துருப்பிடித்த தகர டப்பா ஒன்று அகப்படுகிறது. உள்ளே என்ன படம் என்று யாருக்கும் தெரிவதில்லை. தூக்கிப் போடவும் மனம் வருவதில்லை. யாரோ சொல்லக் கேட்டு, டப்பாவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு சேலத்துக்கு வந்து எங்களைத் தேடுகிறார்கள்.

கடை என்று பெரிதாக நினைக்க வேண்டாம். என் கணவர் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஸ்டுடியோவின் பின்னறைதான். நான் ராசிபுரத்துக்காரி. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தேன். படித்ததற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லாமல் கல்யாணமாகி வந்து, வெகு காலம் ஸ்டுடியோவில் போட்டோக்களுக்கு லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தேன். சென்னையில் ஒரு சினிமா லேபை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போன என் கணவர், அங்கிருந்து ஓர் இயந்திரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்துதான் என் படிப்புக்கு ஒரு வேலை கிடைத்தது.

அது இரும்பு மேஜை. இரண்டு கோடியிலும் தோசைக்கல் மாதிரி இரண்டு தட்டுகள். ஒரு தட்டில் சுருளை வைத்தால் அது அவிழ்ந்து, நடுவில் உள்ள உருளைகள் மேல் ஓடி, மறு தட்டில் போய்ச் சுற்றிக்கொள்ளும். சினிமாவுக்குப் போட்ட படம் முப்பத்தைந்து எம்.எம். அகலம். அரசாங்கத்து விளம்பரப் படம், பள்ளிக்கூடத்துப் படம் எல்லாம் பதினாறு. வசதியானவர்கள் வீட்டு விசேஷத்தை எடுத்தது எட்டு. மூன்றையும் ஒரே மேஜையில் ஓட்ட வேண்டும் என்பதற்காக, அந்த உருளைகளைப் படிபடியாகக் கடைந்திருந்தார்கள். அகலப் படம் வெளிப்படியில் உட்காரும். அதைவிடக் குறுகியது அடுத்த படியில் இறங்கி உட்காரும். எட்டு எம்.எம். நடுப்பள்ளத்தில் ஓடும். எந்தப் படியில் ஓடினாலும் ஓரங்கள் மட்டும்தான் உலோகத்தைத் தொடும். படம் இருக்கும் நடுப்பகுதியில் எதுவும் உரசாது. இதை முதலில் பார்த்தபோது அதைச் செய்தவர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

உருளைகளை மாற்ற வேண்டியதில்லை. மாற்ற வேண்டியது பல் சக்கரத்தை. படத்தின் ஓரத்தில் உள்ள துளைகளில் பற்களைக் கோத்து இழுக்கிற சக்கரம் அது. ஒவ்வோர் அகலத்துக்கும் தனித்தனிச் சக்கரம், மரப்பெட்டியில் வெல்வெட் துணியில் பதித்து வந்திருந்தது. பழைய விளக்கையும் லென்ஸையும் கழற்றிவிட்டு நாங்கள் டிஜிட்டல் கேமரா ஒன்றைப் பொருத்தினோம். ஒவ்வொரு கட்டம் வந்து நிற்கும்போதும் அது ஒரு போட்டோ எடுக்கும். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வரிசையாகக் கோத்தால் படம் நகரும்.

அந்தப் பெண் வந்தது ஒரு சித்திரை மாத மதியம். நாற்பது வயது இருக்கும். காதோரம் நரை. நாமக்கல்லில் விடுதியோடு சேர்ந்த பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் வார்டனாக இருப்பதாகச் சொன்னாள். பையிலிருந்து தகர டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். மூடியைத் திறக்கும் முன்பே காடி வாசனை மூக்கில் ஏறியது. ஊறுகாய் கெட்டுப்போனால் வருமே, அந்தப் புளிப்பு வாடை. அந்த வாடை வந்தால் படம் சாகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

"இதுல எங்கம்மா இருக்காங்களாம் அக்கா" என்றாள்.

"உங்கம்மா போட்டோ ஏதாச்சும் கொண்டாந்திருக்கீங்களா? எந்த எடத்துல வாராங்கன்னு பாத்து, அதை மட்டும் நல்லாப் பண்ணிக் குடுக்கலாம்."

"போட்டோ இல்லீங்க. எங்கம்மா எப்புடி இருப்பாங்கன்னே எனக்குத் தெரியாது."

உட்காரச் சொன்னேன். தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள். சொந்த ஊர் ஜலகண்டாபுரம். நெசவுக் குடும்பம். அவளுக்கு ஒரு வயது நிறையும் முன்பே அம்மா தீக்காயத்தில் செத்துப்போனாள். அடுப்பு வெடித்துவிட்டது என்று வீட்டில் சொன்னார்கள், போலீஸிலும் அப்படித்தான் எழுதினார்கள். அந்த வருஷமே அப்பா இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார். செத்தவளின் துணிமணி, போட்டோ எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது என்று எரித்துவிட்டார்கள். தாய்வீட்டில் இருந்த ஒரே கல்யாணப் போட்டோ, ஓடு ஒழுகி நனைந்து, முகம் இருந்த இடமெல்லாம் வெள்ளையாகிவிட்டது. அம்மாவின் தம்பி ஒருவர் ஓமலூரில் இருந்தார். பெரியவர்கள் போலீஸில் சமரசமாகப் போன ஆத்திரத்தில், அவர் அதன் பிறகு அப்பா வீட்டுப் படி ஏறவில்லை.

அவர் இறந்ததற்குப் போனபோது, மாமன் மனைவி இந்த டப்பாவைக் கொடுத்திருக்கிறாள். நெசவாளர் சொசைட்டியைப் பற்றி அரசாங்கம் எடுத்த படம் அது. வேனில் கொண்டுபோய் ஊர் ஊராகத் திரை கட்டிப் போட்டிருக்கிறார்கள். வீடியோ வந்த பிறகு புரொஜெக்டரையும் சுருள்களையும் கழித்துக் கட்டியபோது, வேன் டிரைவரிடம் கேட்டு மாமன் இதை வாங்கி வைத்திருக்கிறார். ஐந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ராட்டையில் தறிக்கான நூலைத் தாராகச் சுற்றுகிற காட்சி அதில் வரும். அதில் ஒருத்தி அக்கா என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார். போட்டுக் காட்ட அவரிடம் இயந்திரம் ஏது? அவர் மனைவியோ அக்கா செத்த பிறகு வாக்கப்பட்டு வந்தவள். அவளும் முகம் அறியாள்.

"படம் வந்துருமுங்களா?" என்று கேட்டாள்.

"பாக்கறனுங்க. உறுதியாச் சொல்ல முடியாது."

அவள் போன பிறகு சுருளைத் தொட்டுப் பார்த்தேன். வெளிச்சுற்று ஓலை மாதிரி முறுகிக் கிடந்தது. வேனில் ஓட்டிய காலத்திலேயே பல இடங்களில் துளைகள் கிழிந்து, டேப் ஒட்டியிருந்தார்கள். அதைவிட மோசம், படம் சுருங்கியிருந்தது. பதினாறு எம்.எம். படம் பதினாறாக இல்லை. அகலம் சுருங்கியதைப் படி உருளை தாங்கிக்கொள்ளும், கொஞ்சம் ஆடிக்கொண்டே ஓடும். ஆனால் நீளமும் சுருங்கிவிட்டது. ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடையே மயிரிழைக் குறைவு. அது ஒவ்வொரு துளையாகச் சேர்ந்துகொண்டே போனால், கொஞ்ச தூரத்தில் பல் ஓர் இடத்திலும் துளை வேறோர் இடத்திலும் இருக்கும். சக்கரம் நிற்காது. பல் போய்ப் படத்தில் குத்தும்.

முன்பகுதியில் எழுத்துகூட இல்லாத வெற்றுப் படத்தை வைத்து ஓட்டிப் பார்த்தேன். ஒரு முழம் போவதற்குள் டிக் டிக் என்று சத்தம். நிறுத்திவிட்டுப் பார்த்தால் துளைகளின் ஓரமெல்லாம் பிளந்திருந்தது.

பற்களைத் தேய்த்துச் சின்னதாக்கலாம் என்றார் என் கணவர். மேல்சுற்று ஓர் அளவு, உள்சுற்று ஓர் அளவாகச் சுருங்கியிருந்தது. எந்த அளவுக்கென்று தேய்ப்பது? பல்லே இல்லாமல் இழுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் ஊர்ப் பக்கம் நூல் மில்கள் உண்டு. அங்கே பஞ்சு இழையை அறுந்துவிடாமல் பிடித்து இழுப்பதற்கு, இரும்பு உருளைமேல் ரப்பர் உறை மாட்டியிருப்பார்கள். கல்லூரியில் படித்தபோது ஒரு மில்லுக்குக் கூட்டிப்போய்க் காட்டியிருந்தார்கள். இழையைப் பிடிக்கிற ரப்பர் படத்தையும் பிடிக்கும். மில் சாமான் விற்கிற கடையில் இரண்டு உறைகள் வாங்கி, லாரி வேலை செய்கிற லேத்துப் பட்டறையில் அதற்கேற்ற உருளையைக் கடைந்து, பல் சக்கரத்தைக் கழற்றிய இடத்தில் மாட்டினேன். பல் இல்லாவிட்டால் கட்டம் எங்கே நிற்கிறது என்று கேமராவுக்குத் தெரியாது. அதனால் துளையின் வழியே ஒரு சின்ன வெளிச்சத்தை விட்டு, அந்த வெளிச்சம் அடுத்த பக்கம் விழும்போதெல்லாம் கேமரா ஒரு போட்டோ எடுக்கும்படி செய்தேன்.

எழுதும்போது ஒரே மூச்சில் முடிந்துவிட்டது. அந்தக் கோடை முழுவதும் அதிலேயே போனது. ரப்பர் இறுக்கினால் முறுகிய படம் மடங்கியது, தளர்த்தினால் வழுக்கியது. வெயிலில் அறை கொதிக்கும். மின்விசிறி போட்டால் படம் பறக்கும் என்பதால் அதையும் போட முடியாது. அந்தப் புளிப்பு என் சேலையில் ஏறி, சாப்பிடும்போது சோற்றிலும் வந்தது. நடுவில் சில இடங்களில் படத்தின் மேல்தோல் உரிந்து என் விரலோடு வந்துவிட்டது. அப்படி வந்ததைத் திரும்ப ஒட்ட வழி கிடையாது. ஒலி பதிந்திருந்த ஓரம் முழுவதும் கொப்புளம். அதிலிருந்து எதையும் எடுக்க முடியவில்லை.

அந்தப் பெண் அவ்வப்போது போன் செய்வாள். விடுதியில் பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவே, "வந்துருச்சுங்களா அக்கா?" என்று கேட்பாள். இல்லை என்பேன். "பரவாயில்லீங்க" என்று வைத்துவிடுவாள்.

கடைசியில் அந்தக் காட்சி வந்தது. சொசைட்டி முற்றம். பின்னால் ஒரு வேப்பமரம், சுவரில் சாய்த்த சைக்கிள். ஐந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ராட்டை சுற்றுகிறார்கள். எல்லாருமே சின்ன வயது. ஒருத்தி மட்டும் தலையைக் குனிந்தே இருக்கிறாள். இரண்டாவதாக இருப்பவள் பக்கத்தில் திரும்பி ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். கேமரா ஒவ்வொரு முகத்தின் மேலும் கொஞ்ச நேரம் நின்று நகர்கிறது. பிறகு தறிக்குப் போய்விடுகிறது. அவ்வளவுதான்.

அவளை வரவழைத்துப் போட்டுக் காட்டினேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்தாள். மறுபடி போடச் சொன்னாள். பிறகு ஒவ்வொரு முகமாக நிறுத்தச் சொன்னாள். தன் போனை எடுத்து, அதில் தன் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

"பாத்த ஒடனே தெரிஞ்சுரும்னு நெனச்சேன்" என்றாள். "தெரியலீங்க."

நான் படத்தை முதல் முகத்துக்குத் திருப்பி நிறுத்தினேன்.

"அப்பாவுக்குத் தெரியும். கால் விழுந்து கட்டில்லயே கெடக்கறாரு. ஆனா நெனவு நல்லா இருக்குது. நீங்க கூட வாரீங்களா அக்கா? தனியாப் போய் அவருகிட்ட இதைக் காட்ட என்னால ஆகாது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அவளோடு பஸ் ஏறினேன். ஜலகண்டாபுரத்தில் தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம். அவள் அப்பா வீட்டு முன்பக்கமும் தறி ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் போனதும் சின்னம்மா, அதாவது அவள் அப்பாவின் இரண்டாம் மனைவி, தறியை நிறுத்தினாள். ஒல்லியான உடம்பு, தலை முழுக்க வெள்ளை. "வா கண்ணு" என்றாள். இவள் தலையை மட்டும் ஆட்டினாள். அந்த வீட்டில் வளர்ந்தவள் மாதிரியே இல்லை. நடுவறையில் விருந்தாளியைப் போல நின்றாள்.

அப்பா நாடாக் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் யார், எதற்கு வந்தேன் என்பதை மகள் சொன்னாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "போடுங்க, பாக்கறேன்" என்றார்.

லேப்டாப்பை அவர் மடியில் வைத்தேன். முற்றம் வந்ததும் அவர் முகம் மாறியது.

"சொசைட்டி வாசலுங்க இது. அந்த வேப்பமரம் இப்ப இல்ல, ரோட்டுக்கு வெட்டிப்போட்டாங்க. சைக்கிள் செக்ரட்டரிது. அவரத் தவிர யாருகிட்ட இருந்துச்சு அப்ப?" தறி வந்தபோது இன்னும் உற்சாகமானார். "இது மூலையில இருந்த தறி. மழை பேஞ்சா காலு வெக்கற குழியில தண்ணி நிக்கும். நான் அதுல நெய்திருக்கேன்."

"பொம்பளைங்களப் பாருங்கப்பா" என்றாள் மகள்.

காட்சியைத் திருப்பி, ஒவ்வொரு முகத்திலும் நிறுத்தினேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். விரலைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மூன்றாவதாகக் குனிந்திருப்பவளைக் காட்டி, "இவளா இருக்குமோ?" என்றார். உடனே தலையை ஆட்டிக்கொண்டார். "இல்ல. அந்தக் கடைசில இருக்கறதா…" மறுபடியும் பார்த்தார்.

"எல்லாம் ஒண்ணாட்டமே இருக்குது" என்றார். பிறகு மகளைப் பார்த்தார். "தெரியல சாமி. பொய் சொல்லல. நெசமாலுமே நெனவு வரமாட்டேங்குது."

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். மரத்தையும் சைக்கிளையும் குழியில் நின்ற தண்ணீரையும் நினைவு வைத்திருக்கிற மனிதர் அவர்.

சமையலறை வாசலில் டீ டம்ளர்களோடு நின்றிருந்த சின்னம்மா, தட்டைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கட்டில் பக்கம் குந்தினாள்.

"அவருக்கு எப்புடித் தெரியும். அவ மூஞ்சிய அவரு எங்க பாத்தாரு" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். இரண்டாவது பெண்ணின் மேல் விரலை வைத்தாள். "இவதான் கண்ணு. சிரிக்கறாளே, இவதான் உங்கம்மா."

மகள் குனிந்து பார்த்தாள்.

"பக்கத்துல தலையக் குனிஞ்சுக்கிட்டு இருக்கறது நானு. கேமராக்காரன் பாக்கறான்னு எனக்கு வெக்கம். அதுக்குத்தான் என்னையக் கேலி பண்றா."

"நீங்களா?" என்றாள் மகள். "எங்கம்மாளை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா. நாளெல்லாம் பக்கத்துப் பக்கத்து ராட்டைதான். சோத்தை மாத்தித் தின்னுக்குவோம்."

"இத்தன வருசமா ஏன் சொல்லல?"

"நீ எங்கிட்டப் பேசினாத்தானே சொல்றதுக்கு."

நான் லேப்டாப்பை மூடப் போனேன். சின்னம்மா என் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"இருக்கட்டும் அம்மிணி. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்." திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே மகளிடம் சொன்னாள்: "அடுப்பு வெடிச்சுதுன்னு உங்கிட்டச் சொல்லியிருப்பாங்க. வெடிக்கல. அன்னிக்கு அடுப்பே பத்த வெக்கல. முந்தின ராத்திரி அவளப் போட்டு அடிச்சாரு. விடிஞ்சதும் அவளாவேதான் செஞ்சுக்கிட்டா. சத்தம் கேட்டுப் பக்கத்து ஊட்ல இருந்து ஓடியாந்து தண்ணி ஊத்துனது நான்."

"சும்மா இரு" என்றார் கட்டிலில் இருந்தவர்.

"இன்னமும் என்னத்துக்குங்க சும்மா இருக்கறது?"

மகள் சின்னம்மாவைக் கேட்டாள், "எல்லாம் தெரிஞ்சும் இவரையே எப்புடிக் கட்டுனீங்க?"

"என்னைய யாரு கேட்டாங்க கண்ணு? கொழந்தையப் பாத்துக்க ஆளில்ல, உனக்குத்தான் அது நல்லாப் பழக்கம்னு எங்கப்பன் சொன்னாரு. சீலையக் குடுத்து உக்காரச் சொன்னாங்க, உக்காந்தேன். என்னையுந்தான் அடிச்சாரு. எனக்குச் சாகத் தைரியம் வரல. அவ்வளவுதான்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்தவர் வீட்டில் இதையெல்லாம் கேட்கக் கூடாது என்று தோன்றியது. அந்தக் கிழவர் மெதுவாகத் திரும்பி, முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டார். மகள் அவரை எதுவும் கேட்கவில்லை. திட்டவும் இல்லை. எழுந்து, "போலாங்க்கா" என்றாள். டீ அப்படியே ஆடை கட்டிக் கிடந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். கண்டக்டர் டிக்கெட் கொடுத்துவிட்டுப் போனதும் பேசினாள்.

"சின்னம்மா என்னைய நல்லாத்தான் வெச்சுக்கிட்டாங்க. எனக்குத்தான் அவங்கன்னா ஆகாது. எங்கம்மா எடத்துக்கு வந்தவங்கன்னு. தலை பின்னி உட வந்தாக் கைய தட்டி உடுவேன். அவங்க செஞ்சதத் திங்க மாட்டேன். ஆஸ்டல்ல போடுங்கன்னு நானே கேட்டுத்தான் போனேன்." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இப்ப தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சு என்ன பண்றதுன்னு தெரியல" என்றாள்.

அம்மாவின் முகத்தை மட்டும் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கேட்டாள். போட்டுக் கொடுத்தேன். பதினாறு எம்.எம். கட்டம் ஒன்று சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். அதில் ஒரு முகம் எவ்வளவு இருக்கும்? பெரிதாக்கினால் எல்லாம் புள்ளி புள்ளியாகிவிட்டது. சிரிப்பு தெரிந்தது. மூக்குத்தி தெரிந்தது. கண் தெரியவில்லை. அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"எனக்கு மகளாட்டம் இருக்காங்க" என்றாள். "நான் இவங்களாட்டம் இருக்கனுங்களா?"

"தெரியலீங்க" என்றேன். நிஜமாகவே தெரியவில்லை. ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்தப் பெரியவர் சொன்னதைக் கேட்ட பிறகு எனக்கு அந்தப் பொய் வாயில் வரவில்லை.

ஐப்பசி மழையில் அவள் அப்பா இறந்துபோனார். போனில் சொன்னாள். போய்விட்டு, எடுத்த கையோடு நாமக்கல்லுக்கே திரும்பிவிட்டதாகவும் சொன்னாள். "அழுகை வரலீங்க. எல்லாரும் என்னையே பாத்தாங்க. சின்னம்மாவும் அழல." பிறகு, "அவங்க தெனமும் போன் பண்றாங்க அக்கா. நான் எடுக்கறதில்ல" என்றாள். "அவங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க. ஆனா அவங்க கொரலக் கேட்டா, ஓடியாந்து தண்ணி ஊத்துனேன்னு சொன்னதுதான் காதுல வருது."

கார்த்திகை கடைசியில் ஒரு நாள் சின்னம்மா கடைக்கு வந்தாள். தனியாக பஸ் ஏறி, ஸ்டுடியோ பெயரை ஒவ்வொருவராகக் கேட்டுக் கேட்டு வந்திருந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஆச்சுங்க. அந்தப் படத்த இன்னொருக்காப் பாக்கலாமா அம்மிணி?"

பெரிய திரையில் போட்டேன். கைகளை மடியில் கட்டிக்கொண்டு பார்த்தாள். மற்ற மூவரைப் பற்றிச் சொன்னாள். முதலில் இருப்பவள் பிரசவத்தில் போய்விட்டாள். நான்காவது குமாரபாளையத்தில் மகள் வீட்டில் கண் தெரியாமல் இருக்கிறாள். ஐந்தாவது குடும்பத்தோடு சூரத்துப் பக்கம் போனவள், திரும்ப வரவே இல்லை. மறுபடி போடச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் இரண்டாவது பெண் திரும்பிச் சிரிக்கிற இடத்தில் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள்.

"ஊட்ல ஆளில்லீங்க இப்ப. எனக்குப் பொறந்த பையன் திருப்பூருக்குப் போய்ட்டான், தறிய வித்தாச்சு" என்றாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, "எங்க ஊட்டு அம்மிணி உங்ககிட்டப் பேசுமுங்களா?" என்று கேட்டாள்.

பேசும் என்றேன். அவள் வேறெதுவும் கேட்கவில்லை. ஆனால் என் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானாகவே நாமக்கல்லுக்குப் போட்டேன். மணி அடித்தது. எடுத்தாள். சின்னம்மா இங்கே வந்திருப்பதைச் சொன்னேன். மறுபக்கம் பிள்ளைகள் வரிசையில் நிற்க விசில் ஊதுகிற சத்தம் கேட்டது.

"சாப்பாட்டு நேரமுங்க அக்கா. பொறவு பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

போனில் இருந்து வெளியே வந்த குரலைச் சின்னம்மாவும் கேட்டிருப்பாள். "ஆமாங்க, வேலையா இருக்கும். அத்தனை புள்ளைங்களப் பாக்கோணுமல்ல" என்றாள்.

ஐந்து பேரும் இருக்கிற கட்டத்தை ஒரு தாளில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அதை இரண்டாக மடிக்கப் போனவளைத் தடுத்து, அட்டைக்கு நடுவில் வைத்துத் தந்தேன். வாங்கிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டாள். கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு நானும் கூட நடந்தேன். வழியெல்லாம் அவள் அட்டையை மார்போடு பிடித்துக்கொண்டே வந்தாள். ஜலகண்டாபுரம் பஸ் நிற்கிற இடத்துக்கு வந்ததும் சுற்றிலும் பார்த்தாள்.

"நாமக்கல் பஸ்ஸு எங்க நிக்குமுங்க?"

கையைக் காட்டினேன். "அதா, அந்தப் பக்கம். இப்பவே போறீங்களா?"

"இல்லீங்க. சும்மா கேட்டு வெச்சுக்கறேன்" என்றாள். அட்டையைப் பைக்குள் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, தன் ஊர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள்.